போட்டி ரோபோ வழியாக இயந்திர வடிவமைப்பு கற்பது எப்படி?

இயந்திரவியல் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் பலர், முதன்முதலாக ஒரு கியர்பாக்ஸைத் தாங்களே வரைந்து செய்யும்போது திணறிப்போகிறார்கள். கியர் பல்லின் அழுத்தக் கோணம் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கியரை ஷாஃப்ட்டில் எப்படி நிறுத்துவது, ஷாஃப்ட் பேரிங்கைவிட்டு நழுவாமல் எப்படிப் பிடிப்பது, கடைசி நட்டை முடுக்க ஸ்பேனர் உள்ளே நுழையுமா என்பதெல்லாம் தெரிந்திருக்காது. இந்த இடைவெளியை நிரப்ப மாணவர் ரோபோ போட்டிகளைவிட நல்ல பள்ளிக்கூடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே தேதி முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். எடைக்கும் அளவுக்கும் வரம்பு இருக்கும். நீங்கள் செய்தது ஓட வேண்டும், மோதிய பிறகும் ஓட வேண்டும், உடைந்தால் அடுத்த ஆட்டத்துக்குள் சரியாகிவிட வேண்டும்.

இப்படிக் கற்பிப்பது பழைய யோசனைதான். அமெரிக்காவின் எம்ஐடியில் 1970களிலேயே வுடி ஃப்ளவர்ஸ் என்ற பேராசிரியர் வடிவமைப்பு வகுப்பைப் போட்டியாக வளர்த்தெடுத்தார். மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொருட்கள் அடங்கிய பெட்டி தரப்படும். பருவ முடிவில் அவரவர் இயந்திரம் களத்தில் மோதும். கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற மாணவர் அமைப்பு, ஃப்ளவர்ஸின் பங்களிப்போடு, 1992இல் 28 அணிகளை வைத்துத் தன் முதல் போட்டியை ஒரு பள்ளியின் உள்ளரங்கில் நடத்தியது. 1997இல் ரோபோக்கள் கால்பந்து ஆடும் ரோபோகப் வந்தது. 2002இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் கல்லூரி அணிகள் மோதும் ஏபியு ரோபோகான் வந்தது. இன்று பள்ளி மாணவருக்கும் கல்லூரி மாணவருக்கும் நுழைய நிறைய வாசல்கள் உண்டு.

இந்த வழிகாட்டி இயந்திரப் பகுதிக்கு மட்டும். நிரல் எழுதுவதும் மின்சுற்றும் தனித் துறைகள். புதிதாக வருபவர்களிடம் நான் வலியுறுத்துவது இதுதான்: ரோபோ முழுவதையும் ஒரே நேரத்தில் கற்க முயலாதீர்கள். ஒரே ஒரு அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பொருளைத் தூக்கும் கையாக இருக்கலாம், பந்தை உள்ளிழுக்கும் உருளையாக இருக்கலாம். கணக்கிலிருந்து கடைசி போல்ட் வரை அதை நீங்களே செய்யுங்கள். உடைந்தால் நீங்களே திருத்துங்கள். ஒரு பருவம் முழுக்க எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தவரைவிட, ஒரு கையைச் செய்து முடித்தவருக்கு வடிவமைப்பு அதிகம் பிடிபட்டிருக்கும்.

எந்தப் போட்டியில் சேர்வது

வெக்ஸ் போன்ற போட்டிகளில் துளையிட்ட உலோகப் பட்டைகள் தயாராகவே கிடைக்கும். துளைக்குத் துளை அரை அங்குலம். வெட்டி, போல்ட் போட்டால் சட்டம் தயார். டிரில் பிடித்தே பழக்கமில்லாதவர்களுக்கு இது நல்ல தொடக்கம். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் அதற்கு அடுத்த படி. ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும் என்ற விதி அதில் பல பருவங்களாக உண்டு. ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் ரோபோ பெரியது. 2024 வரை பல பருவங்களில் எடை வரம்பு 125 பவுண்டாக இருந்தது, அதாவது பேட்டரியும் பம்பரும் நீங்கலாகச் சுமார் 57 கிலோ. ரோபோகானில் கல்லூரி அணிகள் அநேகமாக எல்லாவற்றையும் தாங்களே வடிவமைக்கின்றன.

எது சிறந்தது என்று அலசிக் காலம் கடத்த வேண்டாம். எந்த அணியில் உங்கள் பக்கத்தில் நின்று "இப்படிப் பிடி, இப்படி அள" என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரோ, அந்த அணியில் சேருங்கள். அப்படி யாருமே இல்லையென்றால் துளையிட்ட பட்டைகள் தரும் போட்டியிலிருந்து தொடங்குங்கள்.

வரைவதற்கு முன் பட்டறை

முதல் சில வாரம் கணினியைத் திறக்காதீர்கள். வெர்னியர் கேலிப்பரில் 0.1 மி.மீ. வித்தியாசத்தைத் தயங்காமல் படிக்கப் பழகுங்கள். தகட்டில் கோடு கீறி, சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் சிறிய துளை, பிறகு தேவையான அளவுத் துளை என்று வரிசையாகப் போடப் பழகுங்கள். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்காமல் எந்தப் பாகத்தையும் மேஜையில் வைக்காதீர்கள். பிசிறு கையைக் கிழிக்கும் என்பது ஒரு பக்கம். தகடு இன்னொரு தகட்டில் சமமாக உட்காராமல் அளவையே கெடுத்துவிடும் என்பது இன்னொரு பக்கம்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே கூடாது. கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்க வேண்டும். சுழலும் இயந்திரத்தின் அருகில் கையுறை, தொங்கும் துணி, விரித்த கூந்தல் எதுவும் ஆகாது. மெல்லிய தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு டிரில் போடவே கூடாது. டிரில் பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றிவிடும். கிளாம்ப் போடுங்கள்.

இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு. சாதாரணமாகத் தெரியும், ஆனால் பாதி இயந்திரவியல் அதற்குள் இருக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகள், 8 மி.மீ. ஷாஃப்ட் ஒன்று, 608 பேரிங் இரண்டு, எம்5 (5 மி.மீ. விட்ட) போல்ட் நான்கு, பலகைகளுக்கு நடுவே நான்கு போல்ட்டிலும் மாட்ட ஒரே நீளத்தில் வெட்டிய இடைக்குழாய்கள். 608 பேரிங்கின் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. இரண்டு பலகைக்கும் நடுவில் ஷாஃப்ட் தடையில்லாமல் சுழல வேண்டும். வேலை அவ்வளவுதான்.

பலகைகளைத் தனித்தனியாக அளந்து துளை போட்டால் இரு துளைகளும் ஒரே நேர்கோட்டில் வராது, ஷாஃப்ட் இறுகும். ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கிளாம்ப் போட்டு, ஒரே துளையாக இரண்டையும் துளைத்தால் நேராக வரும். அடுத்து பேரிங், ஷாஃப்ட், இடைக்குழாய் எல்லாம் வைத்து போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். ஷாஃப்ட்டை விரலால் சுண்டிப் பாருங்கள். நன்றாகச் சுழலும். இப்போது ஒவ்வொரு போல்ட்டாக முடுக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு மறுபடி சுண்டுங்கள். ஏதோ ஒரு போல்ட் இறுகியதும் சுழற்சி சட்டென்று கனக்கும். அந்த மூலையின் இடைக்குழாயை எடுத்து அளந்து பாருங்கள். பெரும்பாலும் அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளமாகவோ குட்டையாகவோ இருக்கும், அல்லது முனை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அரத்தால் சமன் செய்து மறுபடி மாட்டுங்கள். இணைத்தன்மை, நேர்கோட்டுத்தன்மை, அளவு விலக்கம் என்று படித்த சொற்களெல்லாம் அந்த ஒரு மூலையில் கைக்குத் தட்டுப்படும். பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது: ஷாஃப்ட் பக்கவாட்டில் நழுவிப் போகிறதே, அதை எப்படி நிறுத்துவது? ஷாஃப்ட் காலர் என்ற இறுக்கும் வளையமா, பள்ளம் வெட்டி கிளிப் போடுவதா, முனையில் மரை போட்டு போல்ட் வைப்பதா? மூன்றையும் செய்து பாருங்கள்.

விதிப்புத்தகத்தைப் படிப்பது

ஆட்டம் அறிவிக்கப்பட்ட நாளில் எல்லோருக்கும் கை பரபரக்கும், உடனே வரையத் தோன்றும். பொறுத்துக்கொள்ளுங்கள். விதிப்புத்தகத்தை இரண்டு முறை முழுதாகப் படியுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை புள்ளி, அதைச் செய்ய எத்தனை நொடி பிடிக்கும் என்று எழுதுங்கள். 12 புள்ளி தரும் வேலைக்கு 40 நொடி ஆகுமென்றால் நொடிக்கு 0.3 புள்ளி. 5 புள்ளி தரும் எளிய வேலைக்கு 10 நொடி ஆகுமென்றால் நொடிக்கு 0.5 புள்ளி. ஆட்டமோ இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். கண்ணைக் கவரும் பெரிய வேலையைவிடச் சின்ன வேலையை விடாமல் செய்வது லாபம் என்று இந்தக் கணக்கு பல தடவை காட்டும்.

ரோபோ என்ன செய்ய வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். எப்படிச் செய்யும் என்பது பிறகு. "தரையில் கிடக்கும் பந்தை, ஓட்டுநர் நேராக நிறுத்தாவிட்டாலும், ஒரு நொடிக்குள் உள்ளே எடுக்க வேண்டும்" என்பது நல்ல தேவை. "இரண்டு உருளை உள்ள உள்ளிழுப்பான்" என்பது விடை. விடையிலிருந்து தொடங்கினால் வேறு வழிகள் கண்ணிலேயே படாது.

அட்டையும் மரமும்

யோசனையை அன்றே அட்டையிலோ ஒட்டுப்பலகையிலோ செய்து பாருங்கள். அழகாக இருக்க வேண்டாம். ஆனால் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல வேண்டும். பந்தை உருளை எவ்வளவு அழுத்தினால் நன்றாகப் பிடிக்கிறது? இதுதான் கேள்வி என்றால், உருளையைத் தாங்கும் துளையை வட்டமாகப் போடாதீர்கள், நீள்துளையாக வெட்டுங்கள். 5 மி.மீ. இறக்கிப் பாருங்கள், 10 மி.மீ. இறக்கிப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை பிடித்தது, எத்தனை முறை நழுவியது என்று குறியுங்கள். உருளையைச் சுழற்றக் கை டிரில்லே போதும். பந்தைக் கோணலாகவும் கொடுங்கள், மூலையிலும் கொடுங்கள், இரண்டை ஒன்றாகவும் கொடுங்கள். களத்தில் எதுவும் நேராக வருவதில்லை.

இந்த மாதிரியிலிருந்து உங்களுக்கு வேண்டியது எண்கள்தான்: இடைவெளி, உருளையின் விட்டம், சுழல் வேகம். அந்த எண்களோடுதான் கணினிக்கு முன்னால் உட்கார வேண்டும்.

மோட்டாரும் கியரும்: ஒரு கையின் கணக்கு

புதியவர்கள் அதிகம் அஞ்சுவது இங்கேதான். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

நேர்மின் (டிசி) மோட்டாரைப் பற்றி இரண்டு எண்கள் தெரிய வேண்டும். சுமையே இல்லாதபோது எவ்வளவு வேகமாகச் சுழலும். சுழலவே விடாமல் பிடித்துவிட்டால் எவ்வளவு முறுக்குவிசை தரும். இரண்டுக்கும் இடையே ஒரு நேர்கோடு. சுமை ஏற ஏற வேகம் இறங்கும். முழுப் பிடியின் கால்பங்கு முறுக்குவிசை கேட்டால் வேகம் முக்கால்பங்காகும். பாதி கேட்டால் பாதி வேகம்; மோட்டார் அதிகபட்சத் திறன் தருவது அங்கேதான். ஆனால் அங்கே நீண்ட நேரம் ஓட்டினால் சூடேறிவிடும். ஆகவே வழக்கமான சுமை கால்பங்குக்குள் இருக்கும்படி கியரைத் தேர்ந்தெடுப்பது நல்ல பழக்கம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஃபர்ஸ்ட் போட்டிகளில் பல ஆண்டுகள் ஓடிய சிஐஎம் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். சுமையற்ற வேகம் நிமிடத்துக்கு 5,330 சுற்று. முழுப் பிடியில் சுமார் 2.4 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கையின் முனையில் 2 கிலோ பொருள். கையின் சொந்த எடை 1 கிலோ. அதன் எடைமையம் கால் மீட்டர் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். கை கிடையாக நீட்டியிருக்கும்போதுதான் சுமை அதிகம்.

பொருளுக்கு: 2 × 9.81 × 0.5 = 9.8 நியூட்டன் மீட்டர்.
கைக்கு: 1 × 9.81 × 0.25 = 2.5 நியூட்டன் மீட்டர்.
மொத்தம் சுமார் 12.3.

மோட்டாரிடம் நாம் கேட்க நினைப்பது 2.4இன் கால்பங்கு, 0.6. 12.3ஐ 0.6ஆல் வகுத்தால் 20.5. உராய்வில் ஐந்தில் ஒரு பங்கு போகும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 26 மடங்கு குறைப்பு வேண்டும். முடிந்ததா? இல்லை, வேகத்தைப் பாருங்கள். முக்கால் வேகம் என்றால் நிமிடத்துக்கு 4,000 சுற்று. 26ஆல் வகுத்தால் 154. நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்கும் மேல். கை கால்வட்டம் திரும்ப 0.1 நொடி. அரை மீட்டர் நீளக் கை இந்த வேகத்தில் தடுப்பில் போய் இடித்தால் தடுப்பும் இருக்காது, கையும் இருக்காது.

குறைப்பை 100 மடங்காக்கிப் பார்ப்போம். மோட்டாருக்கு விழும் சுமை 0.15 நியூட்டன் மீட்டர், முழுப் பிடியின் பதினாறில் ஒரு பங்கு. கை நிமிடத்துக்கு 50 சுற்று, கால்வட்டத்துக்கு 0.3 நொடி, வேகமெடுக்கும் நேரம் தனி. இது போதுமான வேகம்; மோட்டாரும் குளிர்ச்சியாக இருக்கும். வலிமைக்கு 26 போதும், கட்டுப்பாட்டுக்கு 100 வேண்டும். இந்த இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேட்காததால்தான் பல கைகள் முதல் நாளிலேயே சிதைகின்றன.

இதோடு நிறுத்தாதீர்கள். கையைத் திருப்பும் கடைசிச் செயின் சக்கரத்தின் ஆரம் 20 மி.மீ. என்றால், 12.3 நியூட்டன் மீட்டருக்காகச் செயினில் விழும் இழுவை 615 நியூட்டன். ஆரம் 50 மி.மீ. என்றால் 246 நியூட்டன்தான். ஆகவே கடைசிப் படியில் பெரிய சக்கரம் வையுங்கள். செயின் தளர்வும் அதனால் குறையும். கைமூட்டில் ஒரே ஒரு பாகை ஆட்டம் இருந்தாலும் அரை மீட்டர் முனையில் அது கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆகிவிடும். சுருள்வில்லோ ரப்பர் குழாயோ வைத்து மொத்தச் சுமையில் பாதியைத் தாங்கச் செய்தால் முறுக்குவிசையும் செயின் இழுவையும் பாதியாகும். அந்தச் சுருள்வில் கடையில் கிடைக்கும் மோட்டாரைவிட மலிவான மோட்டார்.

சக்கரங்களுக்கும் இதே முறைதான். 100 மி.மீ. விட்டச் சக்கரம், 10 மடங்குக் குறைப்பு, மோட்டார் எண்பது சதவீத வேகத்தில் ஓடுகிறது என்றால் ரோபோ நொடிக்கு சுமார் 2.2 மீட்டர் போகும். நீங்களே போட்டுப் பாருங்கள்.

கணினியில் வரைவது

ஃபியூஷன், ஆன்ஷேப் என்ற வரைவு மென்பொருட்கள் இரண்டும் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. ஃப்ரீகேட் எல்லோருக்கும் இலவசம். எதில் வரைகிறீர்கள் என்பது பெரிய விஷயமில்லை. முதலில் ஒரே ஒரு தட்டை வரைவில் கோடுகளும் வட்டங்களும் மட்டும் வைத்து முழு அமைப்பையும் போடுங்கள்: கைமூட்டு எங்கே, கையின் நீளம், மடங்கிய நிலை, நீட்டிய நிலை, அளவு வரம்பின் பெட்டி. கை சுழலும்போது எதில் இடிக்கிறது என்பது இந்தக் கோட்டுப்படத்திலேயே தெரிந்துவிடும். பாகங்களை அதன் மேல் கட்டுங்கள். கைமூட்டை 20 மி.மீ. நகர்த்த நேர்ந்தால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

கியர்களுக்கு இடையேயுள்ள தூரம் கணக்கில்தான் வரும், கண்ணளவில் வராது. மாட்யூல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 1, ஒன்றில் 20 பல், மற்றதில் 60 பல் என்றால் மையத்துக்கு மையம் 40 மி.மீ. உண்மையில் துளை போடும்போது 0.1 மி.மீ.க்குள் கொஞ்சம் கூட்டி வைத்தால் பல் இறுகாமல் ஓடும்.

வரைந்து முடித்ததும், பாகம் செய்வதற்கு முன், ஒரு பழக்கத்தை நீங்கள் கட்டாயம் வளர்த்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, அதை எந்தப் பக்கமிருந்து நுழைப்பேன், ஆலன் கீ எங்கே நிற்கும், நட்டை எதனால் பிடிப்பேன் என்று கேளுங்கள். அறுகோண நட்டைச் சாதாரண ஸ்பேனரால் நேரடியாகத் திருப்ப 60 பாகை இடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை. மோட்டாரைக் கழற்ற எத்தனை போல்ட்டுகளை எடுக்க வேண்டும் என்று எண்ணுங்கள். நான்குக்கு மேல் போனால், அல்லது வேறு அமைப்பைக் கழற்றித்தான் மோட்டாரைத் தொட முடியும் என்றால், மறுபடி வரையுங்கள். போட்டி நாளில் இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் அதே வேலையை நடுங்கும் கையோடு செய்யப்போவது நீங்கள்தான். ரோபோ முழுக்க முடிந்தவரை ஒரே அளவு போல்ட் வைப்பதும் அதற்காகத்தான். எம்5 என்று முடிவெடுத்தால் போல்ட் நுழையும் துளை 5.5 மி.மீ., மரை போட 4.2 மி.மீ. துளை, பெட்டியில் ஓர் ஆலன் கீ எடுத்தால் எல்லாம் திறக்கும்.

எது உடைகிறது, ஏன்

முதலிடம் கிரப் ஸ்க்ரூவுக்கு. உருண்டையான ஷாஃப்ட்டில் கியரை மாட்டி, பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு வைத்து இறுக்கியிருப்பார்கள். மேஜையில் ஓடும், களத்தில் வழுக்கும். ஏன் என்று பாருங்கள். 8 மி.மீ. ஷாஃப்ட்டில் 5 நியூட்டன் மீட்டர் கடத்த வேண்டுமென்றால், ஷாஃப்ட்டின் மேற்பரப்பில் விசை 1,250 நியூட்டன், கிட்டத்தட்ட 127 கிலோ எடை. ஒரு திருகின் முனை அதைப் பிடித்து வைக்குமா? முதலில் கொஞ்சம் வழுக்கும், ஷாஃப்ட்டில் கீறல் போடும், கீறலே பாதையாகும், பிறகு நிற்கவே நிற்காது. வெளியிலிருந்து பார்த்தால் மோட்டார் சுழலும், கை அசையாது; நிரலில் பிழை என்று நினைத்து அணியே கணினியைச் சுற்றி நிற்கும். ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஆட்டம் முடிந்து பார்த்தால் கோடு இரண்டாகப் பிரிந்திருக்கும். காரணம் உடனே தெரிந்துவிடும். நிரந்தரத் தீர்வு, அறுகோண ஷாஃப்ட், அல்லது ஒரு பக்கம் தட்டையாக்கிய ஷாஃப்ட், அல்லது ஷாஃப்ட்டுக்கும் கியருக்கும் நடுவே செருகும் சாவி என்ற சிறு உலோகத் துண்டு. விசையை வடிவம் தாங்க வேண்டும், உராய்வை நம்பக்கூடாது.

இரண்டாவது, ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்ட ஷாஃப்ட். மோட்டார் ஷாஃப்ட்டின் முனையிலேயே சக்கரத்தை மாட்டினால் இடிக்கும் விசை முழுவதும் மோட்டாரின் பேரிங்குக்குப் போகும். சக்கரத்துக்கு இரு பக்கமும் பேரிங் வையுங்கள்.

மூன்றாவது, முறுக்கிக்கொள்ளும் சட்டம். ஒரு அட்டைக் குழாயை இரு கையாலும் முறுக்கிப் பாருங்கள், அசையாது. நீளவாக்கில் ஒரே ஒரு வெட்டு போட்டுவிட்டு மறுபடி முறுக்குங்கள், துவண்டுவிடும். பெட்டிக் குழாய்க்கும் திறந்த சேனலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தகட்டின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் எடையும் இரண்டு மடங்கு. அதற்குப் பதில் ஓரத்தை மடக்கினாலே பல இடங்களில் போதும்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக. சட்டத்துக்கு அலுமினியம். இடிபடும் இடத்துக்குப் பாலிகார்பனேட். அது வளையும், மீளும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் அக்ரிலிக் சில்லுச் சில்லாக உடையும், களத்துக்கு ஆகாது. போல்ட் தளராமலிருக்கப் போடும் மரைப்பசை பாலிகார்பனேட்டில் பட்டால் வெடிப்பு விடும். அங்கே நைலான் வளையம் உள்ள நட்டைப் போடுங்கள். முப்பரிமாண அச்சுப் பாகங்கள் அடுக்குக்கு அடுக்கு பிரியும், ஆகவே இழுவை அடுக்குகளின் திசையிலேயே போகும்படி படுக்க வைத்து அச்சிடுங்கள். அச்சிடப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இளகத் தொடங்கும். சூடாகும் மோட்டாரைத் தாங்க அது கூடாது. அச்சில் துளைகள் சற்றுச் சிறிதாகவே வரும். 8.0, 8.1, 8.2, 8.3 என்று நான்கு துளையுள்ள சின்னத் துண்டை முதலில் அச்சிட்டு, உங்கள் ஷாஃப்ட் எதில் சரியாக நுழைகிறது என்று பார்த்துவிட்டு அந்த எண்ணை வரைவில் போடுங்கள்.

சோதிப்பதற்கு நாள் ஒதுக்குவது

அணிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கடைசி நாள் வரை செய்துகொண்டே இருப்பார்கள். ரோபோ களத்தைப் பார்ப்பதே முதல் ஆட்டத்தில்தான். மொத்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கை ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒதுக்குங்கள். அதற்காக ஓர் அமைப்பையே கைவிட நேர்ந்தாலும் கைவிடுங்கள். உங்கள் கையை நூறு முறை ஏற்றி இறக்குங்கள். பொருளோடு சுவரில் மோதவிடுங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பெயின்ட் கோடுகள், போல்ட்டுகள், செயினின் தளர்வு மூன்றையும் பாருங்கள்.

உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். தேதி எழுதி, எந்த நிலையில் உடைந்தது என்று எழுதி, ஒரு பெட்டியில் போடுங்கள். உடைந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: துளையின் ஓரத்திலா, கூர்மையான உள்மூலையிலா, மரையின் முதல் சுற்றிலா? விசை எங்கே குவிகிறது என்பதற்கு அந்தத் துண்டு சாட்சி. அடுத்த பாகத்தில் அந்த மூலைக்கு ஒரு வளைவு கொடுங்கள்.

போட்டி நாளும் பயிலரங்கும்

போட்டிக்குப் போனால் களத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். மற்ற அணிகளின் பழுதுபார்க்கும் கூடங்களுக்குப் போங்கள். அநேகமாக எல்லோரும் மகிழ்ந்து காட்டுவார்கள். இந்தப் போட்டிகளின் பெருமையே அதுதான். "ரோபோ நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. "இந்தக் கையை இதற்கு முன் எப்படிச் செய்திருந்தீர்கள், ஏன் மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். மாற்றத்துக்கான காரணத்தில்தான் பாடம் இருக்கிறது. அனுமதி கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். முழு ரோபோவை எடுக்காமல் பேரிங், செயின் இழுப்பான், கம்பி கட்டிய விதம் இவற்றை அருகிலிருந்து எடுங்கள்.

பயிலரங்கைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே ஒவ்வொருவர் கையிலும் கருவி கொடுப்பார்களா, ஏதாவது ஒன்றைச் செய்து எடுத்துவர முடியுமா என்று விசாரியுங்கள். திரையில் படம் காட்டும் வகுப்பு வீட்டிலேயே கிடைக்கும். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் வரைவையோ உடைந்த பாகத்தையோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் பாகத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துச் சொல்லும் இரண்டு வாக்கியம், ஒரு நாள் வகுப்புக்குச் சமம். பதிலுக்கு, கற்றதை அணியில் அடுத்து வரும் புதியவருக்கு அதே வாரம் சொல்லிக்கொடுங்கள். அந்த இரண்டு பேரிங் பயிற்சியை அவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், கருவியை வாங்கிவிடாதீர்கள்.

பருவம் முடிந்ததும் ரோபோவை அலமாரியில் வைத்துவிட வேண்டாம். உங்கள் அமைப்பை முழுதாகக் கழற்றுங்கள். ஷாஃப்ட்டில் தேய்மானம் எங்கே, எந்தத் துளை நீண்டிருக்கிறது, எந்தக் கியர் பல் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கிறது என்று கேலிப்பரோடு உட்கார்ந்து அளந்து, முதலில் வரைந்த படத்தின் மேலேயே சிவப்பில் குறியுங்கள். எந்தத் தேய்மானமும் இல்லாத பாகங்களையும் குறியுங்கள். அவை தேவைக்கு மேல் கனமானவையாக இருக்கலாம், அடுத்த முறை அங்கிருந்து எடை குறைக்க முடியுமா என்று பாருங்கள். பிறகு, புதிய ஆட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பாக, அதே கையை மறுபடி ஒரு தடவை வரைந்து, செய்து, ஓட்டிப் பாருங்கள்.